பெயரைத் திருத்துவதா, நிரலைத் திருத்துவதா?

தமிழ் இலக்கணம் பயில்வார் முதற்கண் கற்பது எழுத்ததிகாரம். எழுத்தின் இயல்பு தெளியாதார்க்குச் சொல்லும் பொருளும் விளங்கா அன்றோ? மென்பொருள் ஆக்குவோரும் இம்முறையை மறத்தலாகாது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

மென்பொருளின் கோப்புகளைத் தொகுத்து, பிறர் கணினியில் நிறுவுதற்கேற்ற பொதியாக்கும் சிறு நிரல்கள் உள. பைத்தான் மொழியில் வழங்கும் ‘செட்டப்.பை’ அத்தகையது. பொதியின் விளக்கத்தையும் ஆக்கியோன் பெயரையும் அது வேறு கோப்பிலிருந்து படித்துச் சேர்ப்பதுண்டு. ஆக்கியோன் கணினியில் இனிது நிகழும் இவ்வேலை பிறர் கணினியில் இடைமுறிந்து நிற்றலும் உண்டு. காரணம் யாது?

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1963இல் வெளிவந்த ஆஸ்கி முறையில் 128 குறிகளே உள. தமிழுக்கு அதில் இடமில்லை. 1992இல் தோன்றிய யூ.டி.எப்.-8 முறையோ யூனிகோடின் எழுத்தனைத்தையும் அடக்கவல்லது. அதன்படி நம் அகரம் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாம். பாபேலில் மொழிகள் கலங்கின. எழுதிய முறை ஒன்றும் படிக்கும் முறை வேறொன்றுமாயின், மொழி ஒன்றாயிருப்பவும் எழுத்துக் கலங்கும்.

கோப்பைத் திறக்கும் கட்டளையில் முறை இன்னதென்று கூறாவிடின், கணினியின் வட்டார அமைப்பு காட்டும் முறையையே பைத்தான் நெடுங்காலம் மேற்கொண்டது. அவ்வமைப்புக் குறிக்கப்படாத லினக்ஸ் கணினிகளில், 3.6 வரையுள்ள பதிப்புகள் ஆஸ்கியையே கொண்டு, 127க்கு மேற்பட்ட முதற் பைட்டிலேயே நின்றுவிடும். 2018இல் வந்த 3.7ஆம் பதிப்பு லினக்ஸில் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று, விண்டோஸில் நீக்கவில்லை.

இதற்குச் சிலர் எளிய மருந்து கூறுவர்: படிக்கவியலாத எழுத்தை விட்டுவிடுமாறு நிரலுக்குக் கட்டளையிடலாம் என்பர். அவ்வாறு செய்யின், ‘ரெனே’ என்னும் பிரெஞ்சுப் பெயர் தன் ஈற்றெழுத்தை இழந்து ‘ரென்’ என நிற்கும். தமிழிலெழுதிய பெயரோ முழுவதும் அழிந்து வெற்றிடமாகும்! ஆக்கியோன் பெயரை அழித்து ஆக்கத்தை வெளியிடுதல் அறமாகுமோ? வேறு சிலர் தங்கள் கணினியின் அமைப்பை மாற்றி அமைதியுறுவர். அது தம் நோயைத் தீர்க்குமேயன்றிப் பிறர் நோயைத் தீர்க்காது.

கோப்பைத் திறக்குமிடந்தோறும் யூ.டி.எப்.-8 என்று வெளிப்பட எழுதுதலே தக்க மருந்து. ஒரு சொல்லிற் கூடும் செயல் இது. பின்னர், வட்டார அமைப்பு ஏதுமற்ற கணினியில் ஒருமுறை பொதியைக் கட்டிப் பார்த்தல் வேண்டும். ஜாவா மொழி 2022இல் தன் 18ஆம் பதிப்பில் யூ.டி.எப்.-8ஐயே இயல்பு முறையாக்கிற்று, 3.15ஆம் பதிப்பில் அவ்வாறே செய்வதெனப் பைத்தானும் அவ்வாண்டே முடிவு கொண்டது. அதுபற்றி வாளாவிருத்தல் தகாது. முன்னைப் பதிப்புகளை ஆள்வோரும் நம் பொதியை நாடுவர் அல்லரோ?

பெயர் ஒருவர்க்குப் பெற்றோர் இட்டது. நிரலின் குறையை மறைத்தற்பொருட்டு அதனைச் சிதைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆதலின், நிரல் எழுதும் எம் கல்லூரித் தோழர்காள்! பெயரை விடுமின், நிரலைத் திருத்துமின்.