தோள் நோவும் ஊரின் கடமையும்

கமக்காரனுக்குத் தோளே மூலதனம். மண்வெட்டி பிடிப்பதும், வரம்பு கட்டுவதும், மருந்துத் தாங்கியைச் சுமப்பதும், உரமூட்டை தூக்குவதும் அந்தத் தோள்தான். பல தடவை இடம்பெயர்ந்து, பற்றை மூடிய காணியை மீண்டும் வெளியாக்கிய கனகராயன்குளத்துக் குடும்பமொன்றில், உழைப்பவரின் கை உயராமற் போனால் அந்தக் காலபோகமே கைவிட்டுப் போகும். ஆகவேதான் தோள் நோ கண்டவர்கள் உடனே சுகம் வேண்டி, நகையை அடகு வைத்தாவது சத்திரசிகிச்சை செய்துவிட நினைக்கின்றனர். அந்த அவசரம் விளங்கக்கூடியதே. எனினும் எல்லாத் தோள் நோவுக்கும் கத்தி மருந்தாகாது.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்களே கை எலும்பை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. வயதாலும் ஓயாத வேலையாலும் இந்நாண்கள் தேய்கின்றன. சில வேளை கிழிந்தும் போகின்றன. கிழிந்ததைத் தைத்தால்தான் கை எழும் என்றில்லை. எஞ்சிய தசைகள் பலம்பெற்றால், பலவீனப்பட்டதன் வேலையையும் அவை பங்கிட்டுக்கொள்ளும்.

அமெரிக்காவில் விபத்தின்றி நாண் முற்றாகக் கிழிந்த 452 பேருக்கு முதலில் உடற்பயிற்சியே அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுள் நால்வரில் ஒருவருக்கும் குறைவானோரே சத்திரசிகிச்சையை நாடினர் என 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தோள் எலும்பைச் செதுக்கி இடம் விடும் சத்திரசிகிச்சை, வெறுமனே துளையிட்டுப் பார்த்துவிட்டு மூடியதைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் தரவில்லை என்று பின்லாந்து ஆய்வொன்று 2018இல் காட்டியது.

பயிற்சிகள் எளியவை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் மெதுவாக ஆட்டலாம். சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலேற்றலாம். மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் தடியொன்றைப் பிடித்து உயர்த்தலாம். நோ தணிந்தபின், பழைய சைக்கிள் ரியூப்பை மரத்தில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து இழுத்தால் தசை பலம்பெறும். சிறிது நோ பொறுக்கலாம். இரவு வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாவது செல்லும். நீரிழிவுள்ளோரை அதிகம் பிடிக்கும் இறுகிய தோளுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஆனால் விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால், மூட்டு விலகியிருந்தால், கை மரத்துப்போனால், காய்ச்சலுடன் தோள் வீங்கினால், செல் துண்டு உள்ளே இருந்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். நெஞ்சு இறுக்கத்துடன் தோளோ கையோ நொந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். மற்றையோரும் முதலில் அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, இயன்மருத்துவரிடம் பயிற்சியைப் பழகிக்கொள்வதே நன்று.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. பயிற்சிக்குப் பணம் வேண்டாம், நாட்கள் வேண்டும். பாரம் தூக்காமல் மூன்று மாதம் இருக்கும்படி கூலிக்குப் போகும் ஒருவருக்குச் சொல்வது, பட்டினி கிடக்கச் சொல்வதற்குச் சமன். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இது இன்னும் கடினம். புத்திமதி மட்டும் போதாது. கமக்காரர் அமைப்பும், மாதர் சங்கமும், பங்குமக்களும் சேர்ந்து, நோவுற்றவரின் வயலுக்கு முறைவைத்து ஆள் கொடுக்க வேண்டும். தண்ணீர் அள்ளவும் மூட்டை ஏற்றவும் அயலவர் கைகொடுக்க வேண்டும். இயன்மருத்துவர் மாதம் ஒரு தடவையாவது எமது கிராமங்களுக்கு வரவேண்டுமெனச் சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் ஒன்றாகக் கேட்கவும் வேண்டும்.

கை சூம்பியவரை இயேசு ஒதுக்குப்புறமாக அழைத்துக் குணமாக்கவில்லை. தொழுகைக்கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் நிற்கச் செய்தே கையை நீட்டச் சொன்னார். ஒருவருடைய கை ஊரின் கண்முன்னே வைக்கப்பட வேண்டிய காரியம். ஒரு தசை தளர்ந்தால் மற்றத் தசைகள் சுமக்கின்றன. வருகின்ற விதைப்புக்குமுன், உங்கள் ஒழுங்கையில் கை உயர்த்த முடியாதவர் யாரெனக் கேட்டறிந்து, அவருடைய வயலுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.