நகரும் வீட்டில் அனல் காற்று

பிரயாணம் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவது என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பத்தார் வீட்டையே ஓட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சமையலறை, படுக்கை, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய அந்த வண்டிக்கு மோட்டார் ஹோம் என்று பெயர். கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி சகிதமாக அரிஸோனாவில் உள்ள கிராண்ட் கானியன் பள்ளத்தாக்கைக் காணக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த அரிஸோனாவின் கோடை நம் சித்திரை வெயிலைச் சாதுவாகத் தோன்றச் செய்யும். அதன் தலைநகரமாகிய பீனிக்ஸில், 2023-ஆம் வருஷம் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச உஷ்ணம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. இத்தகைய சாலையில், நடுப்பகலில், டாஷ்போர்டிலிருந்து வந்துகொண்டிருந்த குளிர்ந்த காற்று திடீரென்று அனலாக மாறிவிட்டால் என்ன ஆகும்? வண்டியின் முன்கண்ணாடியோ ஒரு சிறு வீட்டின் சுவர் அளவு பெரியது. சூரியன் அதன் வழியே நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் இது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. ஓட்டுகிறவர் சோர்ந்து போனால் எல்லோருக்குமே ஆபத்து.

"கூரையின்மேல் தனியாகக் குளிர் யந்திரம் இருக்கிறதே!" என்று கேட்கலாம். இருப்பது வாஸ்தவம். ஆனால் அது மின்சாரத்தால் ஓடுவது. வழியில் அதை ஓட்டவேண்டுமானால் ஜெனரேட்டரையும் ஓட்டவேண்டும். ஆபத்துக்கு அது உதவும். ஆனால் நோய் அப்படியே இருக்க, எண்ணெய்ச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

சரி, பட்டறைக்குப் போகலாம் என்றால் அங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. பெரிய மோட்டார் ஹோம்களில் சக்கரமும் என்ஜினும் ஒரு கம்பெனியுடையவை. மேலே உள்ள வீடு வேறொரு கம்பெனியுடையது. டாஷ்போர்டுக் குளிர் யந்திரத்தின் பாகங்கள் பெரும்பாலும் மூன்றாவது கம்பெனியுடையவை. என்ஜின்காரர் வீட்டுக்காரரிடம் போகச் சொல்வார். வீட்டுக்காரர் குளிர் யந்திரக்காரரைக் காட்டுவார். நடுவில் சொந்தக்காரர் வியர்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே, தம் வண்டியின் நோய் இன்னதென்று அவரே ஓரளவு அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இந்த நோய்க்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: "காஸ் குறைந்திருக்கும், கொஞ்சம் ஊற்று!" தலைவலியானாலும் கால்வலியானாலும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கும் வைத்தியரைப் போன்றது இந்த யோசனை. சில சமயம் பலிக்கும். பல சமயம் பணத்துக்குக் கேடு. சில சமயம் யந்திரத்துக்கே கேடு. காஸைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. குளிர் உண்டாகவே இல்லையா? அல்லது உண்டான குளிர் வழியில் சூட்டோடு கலந்து வீணாகிறதா?

இதைப் புரிந்துகொள்ள யந்திரத்தின் போக்கைச் சிறிது அறியவேண்டும். என்ஜினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் காஸை அமுக்குகிறது. அமுக்குண்டு சூடேறிய காஸ், கண்டென்ஸர் என்னும் வலைப்பின்னலில் உஷ்ணத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு சிறு துவாரத்தின் வழியே டாஷ்போர்டுக்கு அருகிலுள்ள பெட்டிக்குள் புகுந்து மறுபடியும் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் நீர் ஆவியாவதால்தான். பானையில் நீர் குறையும். இங்கே காஸ் குறையாது, அதே காஸ் மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

முதலில் கம்ப்ரஸரைப் பார்க்கவேண்டும். மோட்டாரில் குளிர் யந்திரம் வைத்த முதல் கம்பெனி பாக்கார்டு. 1939-ஆம் வருஷம் நவம்பரில் சிக்காகோ கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதில் குளிர் வேண்டாம் என்றால் என்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய், பெல்ட்டைக் கையால் கழற்றவேண்டும்! இன்று அந்த வேலையை மின்சாரக் கிளட்ச் செய்கிறது. குளிர் பித்தானைத் திருப்பியதும் கம்ப்ரஸரின் முன் தட்டு கப்பியோடு ஒட்டிக்கொண்டு சுழலவேண்டும். கப்பி மட்டும் சுழன்று தட்டு சும்மா இருந்தால், ப்யூஸ், ரிலே, கம்பி இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காஸ் மிகக் குறைந்துவிட்டாலும் ஒரு காவல் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் தடுக்கும். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு கூடவே சுற்றி வருவதால் இந்த ஏற்பாடு. அந்த ஸ்விட்சை ஒரு கம்பியால் இணைத்து ஏமாற்றிக் கம்ப்ரஸரை ஓட்டுகிறவர்கள் உண்டு. வாயிற்காவலனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை வரவேற்பது போன்ற காரியம் அது.

கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால், குளிர்ப் பெட்டிக்குள் போய்வரும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டக் கை வைக்கவேண்டும். கம்ப்ரஸரை அடுத்த குழாயையோ தொடவே கூடாது, சுட்டுவிடும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாகவும், தடித்த குழாய் குளிர்ந்து நீர் பூத்தும் இருந்தால், குளிர் யந்திரம் தன் கடமையைச் செய்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தும் அனல் வருகிறதென்றால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்.

அவன் பெரும்பாலும் ஹீட்டர்தான். குளிர்காலத்துக்காக என்ஜினின் கொதிநீர் அதே காற்றுப் பாதையில் உள்ள ஹீட்டருக்குள் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். கோடையில் அந்த நீரை ஒரு வால்வும், காற்றை ஒரு சிறு கதவும் தடுக்கவேண்டும். பல வண்டிகளில் இவற்றை இயக்குவது என்ஜினின் உறிஞ்சு சக்தி, அதாவது வாக்குவம். டீஸல் என்ஜினில் அந்தச் சக்தி கிடையாதாகையால் பல வண்டிகளில் சிறு மின்சாரப் பம்பு வைத்திருப்பார்கள். பென்ஸில் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய் வெடித்துவிட்டால் போதும். கதவு நகராது, வால்வு மூடாது. ஐஸும் வெந்நீரும் ஒரே பாத்திரத்தில் கலந்த கதையாகிவிடும்.

இதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. பெட்ரோல் வண்டி மேட்டில் ஏறும்போது என்ஜினின் உறிஞ்சு சக்தி குறையும். அச்சமயம் முகத்தில் வீசிக்கொண்டிருந்த காற்று முன்கண்ணாடிப் பக்கம் போய்விட்டு, மேடு ஏறியபின் திரும்பி வந்தால், வாக்குவம் எங்கோ கசிகிறது என்று அறியலாம். சில ரூபாய் பெறுமான ரப்பர் துண்டு இதைக் குணப்படுத்திவிடும். வால்வே கெட்டிருந்தால், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹீட்டர் குழாயில் ஒரு கைவால்வைப் பொருத்தி, கோடையில் மூடிவிடுவது அநுபவஸ்தர்கள் கையாளும் வழி.

தடித்த குழாய் குளிரவே இல்லை என்றால் கண்டென்ஸரைப் பார்க்கவேண்டும். நெடுஞ்சாலைப் பூச்சிகளும் புழுதியும் அதை அடைத்திருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் அனலானால், அதன் விசிறி ஓடுகிறதா என்று சோதிப்பது நலம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் காஸ். மூடிய குழாய்க்குள் சுற்றும் காஸ் செலவாவதில்லை. குறைந்தால், கசிந்தது என்றே பொருள். என்ஜின் பின்னால் உள்ள பெரிய வண்டிகளில் குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. இணைப்பு அதிகமானால் கசிவுக்கும் இடம் அதிகம். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் படிந்திருந்தால் அங்கேதான் ஓட்டை. அதை அடைக்காமல் டப்பாக் காஸை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதாகும். ஓட்டையை அடைத்து, உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் இழுத்துவிட்டு, வண்டியில் குறிப்பிட்டுள்ள எடைப்படி காஸை நிரப்பவேண்டும். அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் வருந்தும். இந்த வேலைக்குத் தகுந்த கருவிகளும் பயிற்சியும் வேண்டும். வெளிப்படும் திரவக் காஸ் கண்ணில் பட்டால் கண்ணே போய்விடலாம்.

ஊருக்கும் இதில் நஷ்டம் உண்டு. பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 காஸ் வானத்தின் ஓஸோன் படலத்தை அரித்தது. 1987-ஆம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓஸோனைத் தொடாவிட்டாலும், பூமியைச் சூடாக்குவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. குளிர் யந்திரக் காஸ்களை வேண்டுமென்றே காற்றில் விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். நம் ஒரு வண்டி குளிர்வதற்காக உலகத்துக்கே சூடு ஏற்றுவது நியாயமாகாது.

வண்டியின் சொந்தக்காரர் எல்லாவற்றையும் தாமே பழுது பார்க்கவேண்டும் என்பதில்லை. ஆனால் பட்டறையில் போய், "குளிர் இல்லை, காஸ் போடு" என்று சொல்வதற்கும், "கம்ப்ரஸர் சுழல்கிறது, தடித்த குழாய் குளிர்ந்திருக்கிறது, மேட்டில் ஏறினால் காற்று கண்ணாடிப் பக்கம் போகிறது" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முன்னதைச் சொல்கிறவர் தம் பணப்பையை மெக்கானிக்கின் ஊகத்துக்கு ஒப்படைக்கிறார். பின்னதைச் சொல்கிறவரிடம் மெக்கானிக் ஊகம் செய்யத் துணிய மாட்டார். நம் ஊர்க் கார்களிலும் குளிர் உண்டாகும் முறை இதுவே. இங்கும் "காஸ் போடு" மந்திரம் ஓயாமல் ஒலிக்கிறது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது நேயர்கள், "கசிவு எங்கே என்று பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுக்கட்டும்.