வானலை எவர் உடைமை?

காற்றுக்கு வரியில்லை, கதிரொளிக்குக் கட்டணமில்லை. வானில் தவழ்ந்துவரும் ஒளிபரப்பலையை ஓர் எளிய கம்பியால் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் ஏழைத் தமிழனுக்கு ஒருகால் அவ்வாறே இருந்தது. அவ் வாய்ப்பு இன்று எங்கே?

1975 ஆகசுட்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. கூரைகள்தோறும் மீன்முள் வடிவில் அலைவாங்கிகள் எழுந்தன. 1926இல் சப்பானிய அறிஞர் யாகியும் உடாவும் உலகுக்கு அளித்த அமைப்பு அது. சென்னை அலை எட்டாத தென்கடற்கரை ஊர்களில், 1982இல் தோன்றிய இலங்கை உரூபவாகினியையும் அக் கம்பி காட்டிற்று. 1980களில் உரிமக் கட்டணமும் நீக்கப்பட்டபின், பெட்டியும் கம்பியும் உள்ளவன் எவர்க்கும் கடன்பட்டவனல்லன்.

அன்றும் குறையில்லாமல் இல்லை. 1982இல் தில்லியின் நாடளாவிய நிகழ்ச்சி தொடங்கியதும், மாலையின் நற்பொழுதை இந்தி பற்றிக்கொண்டது. ஆயினும் அதற்குரிய மருந்து தமிழைக் கூட்டுவதேயன்றிக் கோபுரத்தை அணைப்பதன்று. தில்லி செய்ததோ பின்னது. 2022 மார்ச்சு இறுதிக்குள், ஒருசில இடங்கள் நீங்கலாக, நாடெங்கும் பழைய ஒப்புமைமுறைப் பரப்பிகள் நிறுத்தப்பட்டன.

பழைய முறை மின்னையும் அலைப்பரப்பையும் விழுங்கியது என்பர். உண்மையே. ஆனால், அமெரிக்கா 2009லும் பிரித்தானியா 2012லும் பழைய முறையைக் கைவிட்டபோது, வீட்டு அலைவாங்கியையா கைவிட்டன? முன்பு ஒரு நிகழ்ச்சி வந்த அலையிடத்தில் இலக்கமுறையால் பல நிகழ்ச்சிகளை அனுப்பின. அமெரிக்க மக்கள் இன்றும் திங்கட் கட்டணமின்றிக் காண்கின்றனர். இங்கோ, 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கிய இலக்கமுறைத் தரைவழி ஒளிபரப்பு ஊர்ப்புறங்களுக்குப் பரவவேயில்லை.

தமிழக ஆட்சியாளரும் இதில் பழி நீங்கியவரல்லர். 2006 முதல் வண்ணப்பெட்டியை விலையின்றி வழங்கியது ஓர் ஆட்சி. 2011இல் 70 உருபாவுக்கு வடம் இழுத்தது மற்றோர் ஆட்சி. பெட்டி கொடை, காட்சியோ கடன்! அலைவாங்கியால் தமிழ் நிகழ்ச்சிகளைப் பெறும் உரிமையை இரண்டும் தில்லியிடம் கேட்டுப் பெறவில்லை. 2019இலோ, 100 அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணமே வரி நீங்கலாக 130 உருபா என்றாயிற்று.

'கட்டணமில்லாச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு 2004 முதல் இருக்கின்றதே!' என்பர் சிலர். இருக்கின்றது. ஆனால் அதில் இடம் ஏலத்திற்கு விடப்படுகின்றது. பெரும்பான்மை இந்தி அலைவரிசைகளே நிரம்பியுள்ளன. கட்டணமின்றிக் காண விழையும் தமிழன் இந்தியைக் காண்க. தமிழைக் காண விழைபவன் பணம் கட்டுக! இஃது எவ்வகை நயன்மை?

வானலைகள் பொதுமக்கள் உடைமை என 1995இல் உச்சநயன்மன்றமே தீர்ப்பளித்தது. அவ்வாறாயின், தரைவழித் தொலைக்காட்சியைத் தில்லி நிறுவனம் ஒன்றே கைக்கொண்டு, தானும் பரப்பாது, பிறரையும் பரப்பவிடாது பூட்டிவைப்பது எவ்வாறு பொருந்தும்? அணைந்த கோபுரங்கள் இலக்கமுறையில் மீண்டும் எழுக! அவற்றில் தமிழ்ச் செய்தியும் தமிழ்க் கல்வியும் வேளாண்மையும் புயலறிவிப்பும் தமிழிலேயே ஒலிக்க! குடிசைக் கூரையிலும் அலைவாங்கி நிமிர்க! உடைமைக்குரியவன் கேளாதிருக்கும்வரை, பூட்டியவன் திறவான்.