'டிப்பிள்': ஒலி ஒன்று, வேர் இரண்டு

ஆங்கிலத்தில் 'டிப்பிள்' என்னும் சொல்லுக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத இரு பொருள்கள் உண்டு. மதுவைச் சிறிது சிறிதாக, வழக்கமாக அருந்துதல் ஒன்று. சுரங்கத்திலிருந்து வரும் வண்டிகளைக் கவிழ்த்து, நிலக்கரியைச் சலித்து, இரயில் பெட்டிகளில் ஏற்றும் கட்டுமானம் மற்றொன்று. இது அமெரிக்க வழக்கு. கிண்ணமும் கவிழ்கிறது, வண்டியும் கவிழ்கிறது. ஆதலின் இரண்டும் ஒரே சொல் என விளக்கிவிடலாம். அவ்விளக்கம் பிழையானது என்பது என் கருத்து.

காலவரிசையே அதற்கு முதற்சான்று. மது தொடர்பான வழக்கில் முந்திக் கிடைப்பது 'டிப்ளர்' என்னும் பெயர்ச்சொல். இடைக்கால ஆங்கிலத்தில் அது குடிப்பவரையன்று, மது விற்பவரையே குறித்தது. 1552ஆம் ஆண்டின் மதுக்கடைச் சட்டம் 'டிப்ளிங் இல்லங்கள்' என்று கூறுவதும் விற்பனை இடங்களையே. வினைச்சொல் அப்பெயரிலிருந்து பின்னர்ப் பிரிந்தது. குடித்தல் என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. கடைக்காரரிடமிருந்து வாடிக்கையாளருக்குச் சொல் இடம்பெயர்ந்திருக்கிறது. இவ்வரலாற்றில் கிண்ணம் கவிழ்வதற்கு இடமே இல்லை. சொட்டுதலைக் குறிக்கும் நார்வே வட்டாரச் சொல்லொன்றோடு இதனை இணைப்பர். அது கருதுகோள் அளவிலேயே நிற்கிறது.

நிலக்கரிச் சொல்லின் வழி தெளிவானது. கவிழ்த்தலைக் குறிக்கும் 'டிப்' என்னும் வினை, செயல் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டும் ஈறு பெற்று அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சுரங்கக் கட்டடத்தின் பெயராயிற்று. பின்னர்க் கவிழ்த்தல் என்னும் கூறும் தேய்ந்தது. மேற்கு வர்ஜீனியாவின் நட்டால்பர்க்கில், 1920களில் ஹென்றி ஃபோர்டின் குத்தகைக் காலத்தில் எழுந்த கட்டுமானத்திற்கு, மலைமேலிருந்து கரியைக் கொணர்ந்தது நீண்ட கடத்தி; ஆயினும் பெயர் 'டிப்பிள்' என்றே நிலைத்தது.

தமிழ் மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 'மா' மரத்தையும் விலங்கையும் குறிக்கும் எனக் கண்ட மரபு, இரண்டையும் ஒன்றாக்க முயலவில்லை. வினையும் சார்பும் பொருளை வேறுபடுத்தும் என்று அமைந்தது. பருகுதலாகிய 'குடி'யையும் குடும்பமாகிய 'குடி'யையும் பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தனித்தனிப் பதிவுகளாகத் தருகிறது. கூடிக் குடித்தோர் குடியாயினர் என்று எவரேனும் எழுதினால் நகைப்போம். 'டிப்பிள்' பற்றிய கிண்ண விளக்கமும் அத்தகையதே. அயல்மொழி என்பதால் நகைக்கத் தவறுகிறோம், அவ்வளவே.

இது வெறும் சொல்லாய்வு வாதமன்று. இந்திய அனல்மின் நிலையங்களில் நிலக்கரிப் பெட்டிகளைக் கவிழ்த்து இறக்கும் பொறி 'வேகன் டிப்ளர்' எனப்படுகிறது. 'டிப்ளர்' என்பதற்குக் குடிப்பவர் என்னும் பொருளை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் தடுமாறுவார். ஆங்கில–தமிழ் அகராதியில் இவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்காது, எண்ணிட்ட இரு தலைச்சொற்களாகப் பதிதல் வேண்டும். பொறிக்குப் 'பெட்டி கவிழ்ப்பி' என்னும் ஆக்கத்தையும் சேர்க்கலாம்.