காஃப்காவின் தலையும் சில பெயர்களும்

ப்ராக் நகருக்குச் செல்லும் இலக்கிய வாசகர்கள் தங்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. ‘விசாரணை’யைத் தமிழில் படித்திருக்கிறோம் என்கிற தைரியத்தில், ஏதோ யாத்திரை போவதாகவே எண்ணிக்கொண்டு நாமும் கிளம்பினோம். நகரமோ நம் போன்றவர்களை நன்கறிந்து வைத்திருக்கிறது. காபிக் குவளை, பனியன், துணிப்பை என எங்கு திரும்பினாலும் காஃப்காவின் முகம். எழுதியவற்றையெல்லாம் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டுக்கொண்ட மனிதர்! குவளையின் விலை சற்று அதிகம்தான், இரண்டு வாங்கினோம்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, பக்கத்தில் நிற்கும் கஞ்சனும், கண்ணாடியில் முகம் பார்ப்பவனும் ‘இப்போது வேண்டாம்’ என்பதுபோல் தலையை ஆட்டி மறுக்கிறார்கள். மேலே சன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்துபோகிறார்கள். கடைசியில் சேவல் கூவுகிறது. அவ்வளவுதான். கீழே பெருங்கூட்டம் செல்பேசிகளைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறது. மரணம் மணியடிப்பதை இத்தனை உற்சாகமாகப் படம்பிடிக்கும் மக்களை நாம் வேறெங்கும் கண்டதில்லை. அதே சதுக்கத்திலுள்ள கின்ஸ்கி மாளிகையில்தான் காஃப்கா படித்த ஜெர்மன் பள்ளி இருந்தது. பின்னாளில் அவருடைய தந்தையின் கடையும்.

சற்றுத் தள்ளி, ஒரு வணிக வளாகத்தின் அருகே, டேவிட் செர்னி 2014இல் அமைத்த காஃப்காவின் தலை. பளபளக்கும் 42 உலோக அடுக்குகள் தனித்தனியே சுழல, முகம் கலைந்து மறுபடியும் கூடுகிறது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வெகுநேரம் பார்த்தோம், வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும், கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால், இந்தத் தலையை விட்டுவிட்டுப் பின்காஸ் யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போங்கள் என்பதே நம் கட்சி.

காஃப்கா எழுதியது ஜெர்மன் மொழியில். அம்மொழி பேசிய யூத ப்ராக் இன்று இல்லை. தெருவில் ஜெர்மன் காதில் விழுந்தால், பேசுபவர் பெரும்பாலும் நம்மைப்போல் ஊர் பார்க்க வந்தவர். அந்த உலகத்தின் கணக்கு பின்காஸ் சுவர்களில் இருக்கிறது. நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த நாள், உயிருடன் இருந்ததாகத் தெரியும் கடைசி நாள். 1968இல் கூடம் மூடப்பட்டு எழுத்துகள் அழிந்துபோக, 1990களில் முதலிலிருந்து மீண்டும் எழுதினார்கள். இங்கே செல்பேசிகள் தாமாகவே தாழ்ந்துவிடுகின்றன.

1924இல் இறந்துபோன காஃப்கா இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. அவருடைய மூன்று தங்கைகளும் சிக்கினார்கள். எல்லியும் வல்லியும் 1941இல் லோட்ஸ் சேரிக்கு அனுப்பப்பட்டுத் திரும்பவில்லை. கடைக்குட்டி ஓட்லா 1943இல், குழந்தைகள் கூட்டமொன்றுக்குத் துணையாகத் தாமே முன்வந்து சென்று, ஆஷ்விட்ஸில் மாண்டார். அண்ணனின் கல்லறையடியில் மூவருக்கும் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மெட்ரோவில் ஷெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கினால் கல்லறைத் தோட்டம் பக்கம்தான். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.