பழைய கணிப்பொறியைத் தள்ளிவிடலாமா?

வீட்டிலோ பள்ளியிலோ பத்தாண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை எழுதவும் பாடங்களைத் தேடிப் படிக்கவும் அது போதுமானதாகவே இருந்தது. இப்போது பள்ளி ஆண்டு விழாவைச் செல்பேசியில் விடியோவாகப் பிடித்து, வேண்டாத பகுதிகளை வெட்டி, தலைப்புகள் சேர்த்து ஒரு படமாகத் தொகுக்க முயல்கிறோம். படம் திக்கித் திக்கி ஓடுகிறது. ஓரிடத்தில் வெட்டினால் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உடனே எல்லோரும் சொல்வது என்ன? "பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடு!"

பல வேளைகளில் இது அவசர முடிவு என்பது என் கருத்து. மருத்துவர் நோய் இன்னதென்று அறியாமல் மருந்து எழுதுவதில்லை. விடியோ தொகுக்க ஏற்ற புதிய கணிப்பொறியின் விலையோ பல குடும்பங்களில் ஒரு மாத வருமானத்துக்கும் மேல். அவ்வளவு பணத்தைச் செலவிடுமுன் தடை எங்கே இருக்கிறது என்று கண்டறிய வேண்டாமா?

ஒரு சிறு கணக்கு

முதலில் விடியோ என்பது எவ்வளவு பெரிய சுமை என்று பார்ப்போம். முழு எச்.டி. படம் ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட், வினாடிக்கு 25 படங்கள் என்றால் 155 மெகாபைட்!

ஆனால் செல்பேசி இதே அளவுப் படத்தை வினாடிக்கு 2 மெகாபைட் போன்ற சிறிய அளவில் அடக்கிவிடுகிறது. எப்படி? தலைமையாசிரியர் மேடையில் பேசுகிறார். பின்னால் உள்ள திரை அசைவதில்லை, மைக்கும் அசைவதில்லை; அவருடைய உதடும் கையும்தான் அசைகின்றன. எனவே ஒரு படத்தை முழுதாகப் பதித்துவிட்டு, அடுத்து வரும் பல படங்களுக்கு மாறுதல்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். 2003இல் தரமாக ஏற்கப்பட்ட எச்.264, 2013இல் ஏற்கப்பட்ட எச்.265 ஆகிய முறைகள் இந்த வழியில்தான் செயல்படுகின்றன.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. படத்தை முதலிலிருந்து வரிசையாக ஓட்டினால் மாறுதல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். தொகுப்பவரோ முன்னும் பின்னும் தாவுகிறார். அவர் கேட்ட ஒரு படத்தைக் காட்ட, கணிப்பொறி அதற்கு முந்தைய முழுப் படத்துக்குச் சென்று, இடையிலுள்ள மாறுதல்களையெல்லாம் கணக்கிட்டு வர வேண்டும். ஒழுங்காக ஓடும் அதே படம் தொகுக்கும்போது மட்டும் திக்குவதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

தடை எங்கே?

எடுத்துக்காட்டாக, 2013இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை 'கோர் ஐ5' பிராசஸர், 8 ஜிகாபைட் ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆகியவை கொண்ட கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். எச்.264 படத்தை விரிப்பதற்கென்று அந்தப் பிராசஸரில் தனிச் சுற்று உண்டு. எச்.265 படத்துக்கு முழுமையான தனிச் சுற்று கிடையாது. அந்த முறை தரமாக ஏற்கப்பட்டதே அதே 2013இல்தான்! ஆகவே அவ்வேலையின் பெரும் பகுதி பொதுவான கணக்கீடாகப் பிராசஸரின் தலையில் விழுகிறது.

குற்றவாளி பிராசஸர்தானா என்பதைச் சோதித்தறிய வேண்டும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்துவைத்துத் தொகுப்பு வேலையைச் செய்யுங்கள். படம் திக்கும் நேரத்தில் பிராசஸர், ராம், டிஸ்க் ஆகிய மூன்றின் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராம் நிரம்பி வழிய, டிஸ்க்கும் ஓயாமல் இயங்கினால், இடம் போதாமல் கணிப்பொறி ராமில் வைக்க வேண்டியதை டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில், தேவையான இடம் முள்ளுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். ராமோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு விரைவாகப் பதில் தரும். இந்நிலையில் இன்னுமொரு 8 ஜிகாபைட் ராம் சேர்ப்பதே மருந்து. ஆனால் இந்த மதர்போர்டில் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகை ராம்தான் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

ராமில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் முழு மூச்சாக இயங்கினால் எஸ்.எஸ்.டி. உதவும். கணிப்பொறி திறப்பதும் மென்பொருள் திறப்பதும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரைவாகும். ஆனால் முடிந்த படத்தை இறுதிக் கோப்பாக மாற்றும் நேரம் அதனால் பெரிதாகக் குறையாது. அது பெரும்பாலும் பிராசஸரின் வேலை.

பிராசஸர் நூறு விழுக்காட்டைத் தொட்டு நின்றால்? முதலில் அதன் மேலுள்ள விசிறியைப் பாருங்கள். தூசி அடைத்துச் சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு தூசியைத் துடைக்கச் செலவு எதுவும் இல்லை.

செலவில்லாத வழிகள்

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படம் பிடிக்குமுன் செல்பேசியின் கேமரா அமைப்பில் முழு எச்.டி. அளவையும், வசதியிருந்தால் எச்.264 முறையையும் தேர்ந்தெடுப்பது. 4கே படத்தில் இதைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. செல்பேசித் திரையில் பார்க்கப்போகும் ஆண்டு விழாப் படத்துக்கு 4கே எதற்கு?

மற்றொன்று, 'பிராக்ஸி' என்னும் நகல் முறை. ஒவ்வொரு படத்துண்டுக்கும் 640க்கு 360 புள்ளிகள் கொண்ட சிறு நகலை எடுத்துக்கொண்டு, அதை வைத்துத் தொகுக்கலாம். முழு எச்.டி.யில் உள்ள புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்கே இதில் உள்ளது. வேலை முடிந்ததும் மென்பொருள் நகல்களை விட்டுவிட்டு மூலப் படங்களைக் கொண்டே இறுதிக் கோப்பைத் தயாரிக்கும். தரம் சிறிதும் குறையாது. கேடன்லைவ், ஷாட்கட் ஆகிய இலவச மென்பொருள்களில் இவ்வசதி இருக்கிறது.

புதிய பிராசஸரால் என்ன ஆதாயம் என்பதையும் கணக்கிடுவோம். ஒரு படத்தைத் தொகுக்க 60 நிமிடம் ஆகிறது. அதில் 20 நிமிடம் இறுதிக் கோப்பு தயாராகும் நேரம். மீதி 40 நிமிடம் நாம் பார்ப்பது, யோசிப்பது, வெட்டுவது. இருமடங்கு வேகமுள்ள பிராசஸரை வாங்கினால் 20 நிமிடம் 10 ஆகும். மொத்தம் 50 நிமிடம். இருமடங்கு வேகத்தை வாங்கி ஆறில் ஒரு பங்கு நேரத்தைத்தான் மிச்சப்படுத்தினோம்! ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால் கிடைக்கும் ஆதாயத்துக்கு எல்லை உண்டு என்ற இந்தக் கருத்தைக் கணிப்பொறி வல்லுநர் ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துரைத்தார். அது 'ஆம்டால் விதி' என்று அழைக்கப்படுகிறது. அந்த 20 நிமிடத்தையும் நாம் சாப்பிடப் போகும்போது ஓடவிட்டால் இழப்பே இல்லை.

எப்போது மாற்றலாம்?

பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டே பழுதாகி, பொருந்தும் உறுப்புகள் கிடைக்காவிட்டால் மாற்றலாம். சீர்செய்யும் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் மாற்றலாம். வீட்டில் ஒருவர் விடியோ தொகுத்தே சம்பாதிக்கிறார் என்றால் காத்திருக்கும் நேரமும் காசுதான். அவருக்குப் புதியது வீண் செலவு ஆகாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நாம் எடுத்துக்கொண்ட பிராசஸர் விண்டோஸ் 11க்கு ஏற்றவற்றின் பட்டியலில் இல்லை. பாதுகாப்பைக் கருதும்போது இது பொருட்படுத்த வேண்டிய காரணமே. ஆனால் இதற்கும் லினக்ஸ் என்ற இலவச வழி உண்டு. மேலே சொன்ன இரு மென்பொருள்களும் அதில் இயங்குகின்றன.

நாம் தள்ளிவிடும் கணிப்பொறி எங்கே போகிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடுதான். பழைய மின்னணுப் பலகைகளில் உள்ள ஈயம், அவற்றை வெறுங்கையால் உடைப்பவர்களின் உடலுக்கும் நிலத்துக்கும் நஞ்சு.

ஆகவே, மாணவ நண்பர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். வேலை திக்கிய நேரத்தில் மூன்று உறுப்புகளும் காட்டிய அளவுகளை எழுதுங்கள். தூசி துடைத்த பின்பும், நகல் முறையைக் கையாண்ட பின்பும் அதே வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். அதன் பிறகும் ஏதேனும் வாங்க வேண்டியிருந்தால் அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டிக் கேளுங்கள். ராம் வேண்டுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா, புதிய கணிப்பொறியே வேண்டுமா என்பதற்கு அதிலேயே விடை இருக்கும்.