மூலையில் கால் வைத்தால் குற்றமாம்

மொன்டானாவில் மூலை தாண்டுவது, அதாவது ஒரு பொது நிலக் கட்டத்திலிருந்து மூலைப் புள்ளி வழியாக அடுத்த பொது நிலக் கட்டத்துக்குப் போவது, இன்னமும் சட்டவிரோதம்தான் என்று தலைநகர் ஹெலினாவில் இருக்கும் அதிகாரிகள் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். வயோமிங் பண்ணை முதலாளியின் மனுவை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, இந்த இழுபறி ஓய்ந்தது என்றே வேட்டைக்காரர்கள் பலரும் நினைத்தார்கள். ஓயவில்லை. அந்த முதலாளிக்கு எதிராக, வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புத் தந்தது பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். மொன்டானா இருப்பதோ ஒன்பதாவது வட்டாரத்தில். ஆகவே அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்கிறார்கள். சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் நியாயம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுமா?

இந்த முடிவு யாரைத் தாக்குகிறது என்று பாருங்கள். மியூல் மான் வேட்டைக்குத் திட்டமிடும் சாதாரண உழைப்பாளி ஒருவர், கோடையிலேயே வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறார். மஞ்சள் கட்டமெல்லாம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம், அதாவது மக்கள் சொத்து. தண்ணீர், நிழல், மான் படுக்கும் சரிவு எல்லாம் ஒரு கட்டத்தில் அமைந்திருக்கிறது. ஆனால் அதற்குச் சாலை இல்லை. அவர் நிற்கக்கூடிய மஞ்சள் கட்டமும் அந்த மஞ்சள் கட்டமும் ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளியில் சேரும் மற்ற இரு கட்டங்களும் தனியாருடையவை. 1864இல் ரயில் பாதை போடுவதற்காக ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று நிலத்தை வாரிக் கொடுத்ததன் வினை இது. இப்படி மூலையில் பூட்டிக் கிடக்கும் பொது நிலம் மேற்கு மாநிலங்களில் சுமார் 83 லட்சம் ஏக்கர். மொன்டானாவில் மட்டும் 8.7 லட்சம்.

அந்தக் கட்டத்தை அவர் கைவிடுகிறார். அவரைப் போலவே எல்லாரும் கைவிடுகிறார்கள். எல்லாரும் போய்ச் சேருவது சாலையோரம் திறந்து கிடக்கும் அதே சில இடங்களுக்குத்தான். பருவத்தின் முதல் நாள் விடிவதற்குள் அங்கே பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பைனாகுலரைத் தூக்கினால் எதிர்ச் சரிவில் மானுக்கு முன் ஆரஞ்சுச் சட்டைதான் தெரியும். சில நாளிலேயே மான் ஆளரவமற்ற இடம் தேடி நகர்ந்துவிடும். அப்படி ஆளரவமற்ற இடம் எது? பூட்டிய கட்டமும் அதைச் சுற்றியுள்ள பண்ணையும்தான். பொது நிலத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று அதே அதிகாரிகள் கவலைப்படுவதைக் கேட்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வீடு நம்முடையது, சாவி மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம். அவர் தன் விருந்தாளிகளை அங்கே தங்கவைத்துப் பணமும் வாங்குகிறார்.

வயோமிங்கில் நடந்தது ஊரறிந்த கதை. எல்க் மலையில் மிசௌரிக்காரர்கள் நால்வர், தனியார் மண்ணில் கால் படாமல் ஏணி வைத்து மூலையைத் தாண்டினார்கள். 2022இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. பண்ணை முதலாளியோ தன் சொத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிட்டது என்று உரிமையியல் வழக்கு நடத்தினார். அந்தத் தொகையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது! அவர் நிலத்தில் ஒரு புல்கூட மிதிபடவில்லை. பிறகு எதன் விலை அது? பொது நிலத்தைத் தான் மட்டும் அனுபவித்து வந்ததன் விலை. பொது நிலத்துக்குப் போகும் வழியை வேலி போட்டு அடைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 1885இலேயே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் வயோமிங்குக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

ஹெலினாவின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. மூலை தாண்டுவதை அனுமதிக்கும் மசோதா 2013இல் வந்தது, தோற்றது. அதைக் குற்றமாக்கும் மசோதா 2017இல் வந்தது, அதுவும் தோற்றது. மான் விவகாரத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஐந்து வார துப்பாக்கிப் பருவத்தை, ஆண் மான்கள் பெண் மானின் பின்னே எச்சரிக்கையை மறந்து திரியும் நவம்பர் மாதம் முழுக்க ஆண்டுக்கணக்கில் நீட்டி வைத்தார்கள். கிழக்குப் பகுதியில் பெண் மானுக்கான உரிமங்களை அள்ளி அள்ளி விற்றார்கள். எண்ணிக்கை சரிந்து, வேட்டைக்காரர்களே கூச்சல் போட்ட பிறகுதான் அங்கே பொது நிலத்தில் பெண் மான் வேட்டையை நிறுத்தினார்கள். வேட்டைக்காரர் எச்சரித்தால் காது கேட்பதில்லை. பண்ணை முதலாளி முணுமுணுத்தால் உடனே அறிக்கை வருகிறது.

இப்போது வனக் காவலர் எழுதும் புகாரை வழக்காக்குவதா வேண்டாமா என்பது கவுண்டி வழக்கறிஞரின் விருப்பம். ஒரு கவுண்டியில் குற்றம், அடுத்த கவுண்டியில் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றால் அதற்குப் பெயர் சட்டமா? குழப்பத்தை வைத்தே மக்களை அச்சுறுத்தி விலக்கி வைக்கும் தந்திரம் இது. தன் பெயரில் இருக்கும் நிலத்துக்குப் போக ஒரு குடிமகன் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க வேண்டியதில்லை. சட்டமன்றமோ நீதிமன்றமோ, யாராவது ஒருவர் இதற்கு நேர்மையான வழி காண வேண்டும். அதுவரை, தாங்கள் காப்பது தனிச்சொத்துரிமையை என்று ஹெலினாவில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவர்கள் காப்பது பிறர் சொத்தை இலவசமாக ஆளும் வசதியை.